நீதிபதிக்கு யாரும் போன் செய்ய வேண்டியதில்லை

"கோர்ட்டையே கைக்குள்ள போட்டுக்கிட்டாங்கப்பா" என்று டீக்கடையில் யாராவது சொன்னால், கேட்கிறவர் மனதில் ஒரு சினிமாக் காட்சி ஓடும். அமைச்சர் போனை எடுக்கிறார். மறுமுனையில் நீதிபதி. "நம்ம பையன் கேஸ், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

அப்படி எதுவும் நடந்ததே இல்லையா? புகார் எழுந்ததுண்டு. 2009 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.ரகுபதி, ஒரு முன்ஜாமீன் மனுவில் மத்திய அமைச்சர் ஒருவரின் பெயரைச் சொல்லித் தன்னை வளைக்கப் பார்த்ததாகத் திறந்த நீதிமன்றத்தில், வக்கீல்கள் நிறைந்திருந்தபோதே போட்டு உடைத்தார். நாடு முழுக்க அது செய்தியானது. வளைக்க நினைத்தவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம்.

போன் போடுவது இப்படித்தான் திருப்பி அடிக்கும். விவரம் தெரிந்த அரசியல்வாதி அந்தப் பக்கமே போகமாட்டார். தீர்ப்பு எழுதும் நாளில் நீதிபதியின் பேனாவைப் பிடிப்பதைவிடச் சுலபமான வழிகள் அவருக்கு உண்டு. யார் நீதிபதி ஆகிறார், எந்த ஊருக்கு மாற்றப்படுகிறார், ஓய்வுக்குப் பிறகு என்ன பதவி கிடைக்கிறது, எதிரே அரசுத் தரப்பில் வாதாட நிற்பவர் யார் என்று தீர்ப்புக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரையும், உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயது வரையும் பதவியில் இருக்கலாம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்று அரசு அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. சம்பளத்தையும் குறைக்க முடியாது. காகிதத்தில் இது பலமான வேலிதான். ஆனால் வேலிக்கு ஒரு வாசல் வேண்டுமல்லவா? சிக்கல் அங்கே தொடங்குகிறது.

1973 ஏப்ரல் 24. கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்கக் கூடாது என்றது தீர்ப்பு. 13 நீதிபதிகளில் 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். இந்திரா காந்தி அரசுக்கு இது பெரிய அடி. தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வுபெறும் நேரமும் அதுவே. வழக்கப்படி அடுத்த மூத்தவரான ஷெலத் வந்திருக்க வேண்டும். அவருக்குப் பின் ஹெக்டே, அவருக்குப் பின் குரோவர். மூவருமே அரசுக்கு எதிரான ஏழு பேரில் இருந்தவர்கள். மூவரையும் தாண்டி, அரசுக்குச் சாதகமாக எழுதிய ஏ.என்.ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

நாடாளுமன்றத்தில் இதை நியாயப்படுத்தி முன்னால் நின்று பேசியவர் மோகன் குமாரமங்கலம். அப்போது அவர் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த சுப்பராயனின் மகன். சென்னை மாநில அரசின் அட்வகேட் ஜெனரலாகவும், அதாவது அரசின் தலைமை வக்கீலாகவும் இருந்தவர். நீதிமன்றத்துக்குள் அரசியலை நுழைக்கும் வாதத்தைச் சட்டம் நன்றாகத் தெரிந்த ஒரு வக்கீலே எடுத்து வைத்தார் என்பது எனக்கு எப்போதும் உறுத்தலான விஷயம்.

மூன்றாண்டு கழித்து அடுத்த பாடம். நெருக்கடி நிலையில், வாரண்ட், காரணம் எதுவும் இல்லாமல் உள்ளே தள்ளப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) போட முடியுமா என்று கேள்வி எழுந்தது. முடியும் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், முடியாது என்றது. ஐந்து பேர் கொண்ட அமர்வில் மாறுபட்டு எழுதியவர் எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டுமே. 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வரவேண்டிய முறை. அவருக்கு இளையவரான பெக்குக்குப் போனது. கன்னாவும் விலகினார்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. ஒரு நியமன உத்தரவு வந்தது, அவ்வளவுதான். ஆனால் மற்ற நீதிபதிகள் அதைப் படித்துப் பாடம் கற்றுக்கொள்வார்கள் என்பது அரசுக்குத் தெரியும்.

இதற்குப் பதிலடியாக நீதிபதிகளே கட்டிய சுவர்தான் கொலீஜியம். 1993இல் ஒரு தீர்ப்பு, 1998இல் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் என இரண்டும் சேர்ந்து இந்த முறையை நிலைநிறுத்தின. உச்ச நீதிமன்றத்துக்கு யாரை எடுப்பது என்று தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்தவர்களும் முடிவு செய்வார்கள். உயர் நீதிமன்றத்துக்கு என்றால் அதே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அங்குள்ள அடுத்த இரண்டு மூத்தவர்களும். அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் கொலீஜியம் என்ற சொல்லே இருக்காது.

சரி, அப்படியானால் அரசின் கை கட்டப்பட்டுவிட்டதா? ஒரு ஃபைலின் பயணத்தைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் ஒரு வக்கீலின் பெயரைப் பரிந்துரைக்கிறார்கள். அது முதல்வருக்கும் ஆளுநருக்கும் போகிறது. அங்கிருந்து டெல்லி சட்ட அமைச்சகம். நடுவில் ஐ.பி. எனப்படும் உளவுத்துறை அவரைப் பற்றி அறிக்கை தருகிறது. பிறகு உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பார்க்கிறது. அது சரி என்றால் மறுபடி சட்ட அமைச்சகம், பிரதமர், குடியரசுத் தலைவர். அரசு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் அதே பெயரை மறுபடியும் வலியுறுத்தினால் நியமித்தே ஆகவேண்டும். 2021இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வாரக்கணக்கில் கெடுவும் சொன்னது. நடைமுறையில் ஃபைல் நகராமல் கிடந்தால் கேட்க ஆள் இல்லை. வேண்டாம் என்று எழுதினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சும்மா வைத்திருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. சென்னை வழக்கறிஞர் ஜான் சத்யனின் பெயரை உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. உளவுத்துறை அறிக்கையில் இரண்டு விஷயம் அவருக்கு எதிராக இருந்தது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையை அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்திருந்தார். நீட் தேர்வால் 2017இல் உயிரை விட்ட மாணவியைப் பற்றி ஒரு பதிவும் போட்டிருந்தார். இதெல்லாம் ஒருவரின் தகுதியைக் குறைக்காது என்று சொல்லி, 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் அவர் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. அன்றைக்குப் பரிந்துரைக்கும் மற்றவர்களுக்கு முன்பாக அவரை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியது. அன்று பரிந்துரைத்த பெயர்களில் விக்டோரியா கௌரியின் பெயரும் உண்டு. இவர் பாஜக மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தவர். அவரது நியமனத்தை எதிர்த்துச் சென்னை வக்கீல்கள் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 பிப்ரவரி 7 காலை, டெல்லியில் அந்த மனு விசாரணையில் இருந்த நேரத்திலேயே சென்னையில் அவர் பதவியேற்றார். மனு தள்ளுபடியானது. முன்னால் போக வேண்டும் என்று கொலீஜியம் சொன்ன ஃபைல் நகரவில்லை. பின்னால் வந்தது பறந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கட்சிப் பின்னணி உள்ளவர் நீதிபதி ஆகக் கூடாது என்று சொல்லிவிட முடியாது. வி.ஆர்.கிருஷ்ணய்யர் கேரளத்தில் 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டு வந்தபோது, 1975 ஜூன் 24 அன்று நிபந்தனையோடுதான் தடை கொடுத்தார். பிரதமராக இருக்கலாம், சபையில் ஓட்டுப் போட முடியாது என்றார். மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்துவிட்டது. ஆக, பழைய கட்சி அட்டையை வைத்து மட்டும் ஒருவரை எடை போட முடியாது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஒரே விதமான பின்னணி இருவருக்கு இருந்தால் அரசு இருவரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா? ஆளும் கட்சிக்காரர் என்பது தடை இல்லை, ஆளும் கட்சியை விமர்சித்தார் என்பது தடை என்றால், அங்கே பின்னணியைப் பற்றிய கவலை எதுவும் இல்லை.

கொலீஜியமும் தூய பொன் இல்லை. மூடிய அறைக்குள் ஐந்து பேர் பேசுகிறார்கள். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று யாருக்கும் தெரியாது. 2017 அக்டோபரில்தான் முடிவுகளை இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். இதை மாற்ற மோடி அரசு தேசிய நீதித்துறை நியமன ஆணையம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள் என ஆறு பேர். அவர்களில் யார் இருவர் மறுத்தாலும் அந்தப் பெயர் விழுந்துவிடும். 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. மாறுபட்டவர் செலமேஸ்வர். என் கருத்தைக் கேட்டால், ஆணையம் என்ற யோசனை மோசமில்லை. இருவர் மறுத்தால் போதும் என்ற அந்த ஒரு விதிதான் விஷம். சட்ட அமைச்சர் கூட ஒரே ஒரு பிரமுகரைச் சேர்த்துக்கொண்டால் மூன்று நீதிபதிகளும் வாய்மூடி இருக்க வேண்டியதுதான்.

அப்புறம் இடமாற்றம். அரசு ஊழியர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெருக்கடி நிலையின்போது 1976இல் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் இடம் மாற்றப்பட்டார்கள். இப்போது இடமாற்றத்தையும் கொலீஜியம்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் காரணம் சொல்வதில்லை. 75 நீதிபதிகளுக்கு இடமுள்ள சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த தஹில் ரமானி, 2019இல் நான்கே இடங்கள் உள்ள மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். போகாமல் ராஜினாமா செய்தார். 2021 நவம்பரில் அதே நாற்காலியில் இருந்த சஞ்ஜிப் பானர்ஜியும் அதே மேகாலயாவுக்கு. அந்த ஆண்டு ஏப்ரலில், கொரோனா நேரத்தில் தேர்தல் கூட்டங்களை அனுமதித்ததற்காகத் தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்று வாய்மொழியாகச் சீறியவர் அவர். 237 வக்கீல்கள் இடமாற்றத்தை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். இரண்டுக்கும் வெளியில் சொல்லாத நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். காரணம் வெளியே வராதபோது, அந்த இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்கிறது. தவறு வதந்தி பேசுகிறவர்கள் மேல் மட்டும் இல்லை.

நீதிபதி எஸ்.முரளிதர் விஷயம் இன்னும் கூர்மையானது. 2020 பிப்ரவரியில் டெல்லிக் கலவரத்தின்போது வெறுப்புப் பேச்சுகள் மீது ஏன் வழக்குப் போடவில்லை என்று காவல்துறையைக் கண்டித்தார். அன்று இரவே பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு மாற்றும் அறிவிப்பு வந்தது. பரிந்துரை இரண்டு வாரத்துக்கு முன்பே கொலீஜியம் செய்ததுதான், உண்மை. அந்த இரவில் அதை வெளியிட்டது அரசு. பின்னர் அவர் ஒடிசாவில் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2022 செப்டம்பரில் கொலீஜியம் அவரைச் சென்னைக்குத் தலைமை நீதிபதியாக அனுப்பச் சொன்னது. இந்த முறை அரசு அவசரப்படவில்லை. ஏழு மாதம் காத்திருந்துவிட்டுக் கொலீஜியமே பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே நீதிபதி, ஒரு ஃபைல் சில மணி நேரத்தில் முடிந்தது, இன்னொன்று முடியவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு என்ன? உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது. ஆளுநர் ஆவதற்கோ எம்.பி. ஆவதற்கோ தடை இல்லை. பாத்திமா பீவி 1997இல் தமிழக ஆளுநர் ஆனார். ஈரோட்டுப் பக்கத்துக்காரரான சதாசிவம், 2014 ஏப்ரலில் தலைமை நீதிபதி பதவியிலிருந்து ஓய்வுபெற்று அதே செப்டம்பரில் கேரள ஆளுநர். ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு, 2020 மார்ச்சில் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 2018 ஜனவரி 12 அன்று, வழக்குகளை எந்த அமர்வுக்கு ஒதுக்குவது என்பதில் முறைகேடு இருக்கிறது என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்ன நான்கு மூத்த நீதிபதிகளில் அவரும் ஒருவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் காலத்திலும் இது உண்டு. பஹருல் இஸ்லாம் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் போய், 1983இல் அங்கிருந்து விலகி, அதே ஆண்டு மறுபடியும் காங்கிரஸ் எம்.பி. ஆனார். இவர்கள் எல்லோரும் பதவிக்காகத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதவில்லை என்பதை நிரூபிக்கவும் வழியில்லையே, அதுதான் சங்கடம்.

பதவி நீக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் இதுவரை நாடாளுமன்றம் எந்த உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதியையும் நீக்கியதில்லை. சென்னையிலிருந்து போய் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி.ராமசாமியை நீக்கும் தீர்மானத்தின் மீது 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்ததால் தீர்மானம் தோற்றது. அரசியல் ஒரு நீதிபதியைக் காப்பாற்றவும் செய்யும் என்பதற்கு இது சாட்சி. (1999இல் அவர் சிவகாசியில் அதிமுக வேட்பாளராக நின்று வைகோவிடம் தோற்றார்.) இலங்கையில் கதை தலைகீழ். அரசின் திவிநெகும என்ற நலத்திட்ட மசோதாவுக்குத் தடை போட்ட தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை 2013 ஜனவரியில் நாடாளுமன்றப் பெரும்பான்மையை வைத்தே வெளியேற்றினார்கள். அந்த இடத்துக்கு முன்னாள் அட்டர்னி ஜெனரல் மொஹான் பீரிஸ் வந்தார். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் ஷிராணி திரும்ப வந்து மறுநாளே ஓய்வுபெற, கே.ஸ்ரீபவன் தலைமை நீதியரசர் ஆனார்.

இதுவரை பார்த்தது எல்லாம் நீதிபதியைச் சுற்றி. வக்கீல்கள் பக்கம்தான் பெரும்பாலானவர்கள் கவனிக்காத பக்கம்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு பெரிய கட்சிக்கும் ஒரு வழக்கறிஞர் அணி உண்டு. ஆட்சி மாறியதும் நீதிமன்ற வளாகத்திலும் ஒரு மாற்றம் நடக்கும். அட்வகேட் ஜெனரல் மாறுவார். ஏ.ஜி. பதவி ஆளுநர் விரும்பும் வரைதான், அதாவது ஆட்சி விரும்பும் வரைதான். அவருக்குக் கீழே கூடுதல் ஏ.ஜி., கவர்மெண்ட் பிளீடர், பப்ளிக் பிராசிக்யூட்டர் என்று மாவட்ட நீதிமன்றம் வரை நாற்காலிகள் கைமாறும். கட்சிக்காகப் பத்து வருடம் இலவசமாக ஜாமீன் எடுத்துக் கொடுத்த வக்கீலுக்கு, அது கூலி கிடைக்கும் நேரம். அரசு வக்கீல்களைத் தகுதி பார்த்து எடுக்க வேண்டும் என்று 2016இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு வக்கீலாக நல்ல பெயர் எடுத்தவர்களிலிருந்து நீதிபதிகள் வருவதும் உண்டு என்பதால், இந்த வாசலும் கடைசியில் அதே வீட்டுக்குள்தான் போகிறது.

அரசு வக்கீல் என்ன செய்யமுடியும்? எதையும் செய்யாமல் இருக்கமுடியும். ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். 1996இல் திமுக ஆட்சியில் பதிவான வழக்கு, சென்னைத் தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் அவரே முதல்வராகிவிட்டார். அதாவது, குற்றம் சாட்டப்பட்டவரின் அரசுதான் குற்றம் சாட்டும் தரப்பு வக்கீலை நியமிக்கிறது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்தவர்களில் 76 பேரை மறு குறுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து மாறினார்கள். இப்படி மாறினால் அரசுத் தரப்பு என்ன செய்யும் தெரியுமா? அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, பழைய வாக்குமூலத்தைக் காட்டிக் கேள்விமேல் கேள்வி கேட்கும். இங்கே பி.பி., அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டர், எழுந்திருக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வந்து நீதிபதியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கட்டத்தில், நேரில் வர விலக்குக் கேட்டார்கள். பி.பி. ஆட்சேபிக்கவில்லை. கேள்விகள் அவருக்கு அனுப்பப்பட்டன.

திமுக பொதுச்செயலாளர் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று, இந்தச் சூழலில் நேர்மையான விசாரணை நடக்காது என்ற அச்சம் நியாயமானதுதான் என்று சொல்லி, வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது உச்ச நீதிமன்றம். இனி அரசு வக்கீலைக் கர்நாடக அரசு நியமிக்கும் என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றம் விரல் நீட்டியது பெரும்பாலும், எழுந்து ஆட்சேபிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீலின் பக்கம்.

2014 செப்டம்பர் 27 அன்று தண்டனை. மேல்முறையீடு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது அதே கதை மறுபடியும் தலை நீட்டியது. அரசுத் தரப்புக்காக ஆஜரானவர் பவானி சிங். அவரை அந்த மேல்முறையீட்டுக்கு நியமித்தது தமிழ்நாடு அரசு. அந்த அதிகாரம் தமிழ்நாட்டுக்கு இல்லை, நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, வாதங்கள் எல்லாம் முடிந்திருந்தன. கர்நாடகத் தரப்பு எழுத்துபூர்வமாக வாதத்தைத் தரலாம் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, மே 11 அன்று விடுதலை. அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2017 பிப்ரவரி 14 அன்று. ஜெயலலிதா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.